திருவொற்றியூர்த் திருமடம் தோன்றிய வரலாறு

தொண்டை நாட்டுத் தலங்களுள் கடலை அடுத்து விளங்குவது திருவொற்றியூர். திருஞானசம்பந்தர், திருநாவுக்கரசர், சுந்தரர் ஆகிய மூவர் பாடலும் பெற்ற பதி. கலிய நாயனார் விளக்கெரித்த ஊர் அது. நம்பியாரூரர் சங்கிலியாரை மணந்ததும், மகிழமரத்தடியில் சூளுறவு செய்ததும் அங்கேதான். பட்டினத்தடிகள் கடற்கரையில் இலிங்க வடிவானார் என்று மரபு கூறும் இடமும் அதுவே. வடலூர் வள்ளற்பெருமான் தம் இளமைக்காலத்தில் நாளும் நடந்து சென்று வழிபட்டதும் அத்தலத்தையே. இவை யாவும் அன்பர்கள் ஆண்டுதோறும் விழாக்காலங்களில் கேட்டு மகிழ்வன. ஆயின் அவ்வூரில் நெடுங்காலம் சிறந்து விளங்கிய திருமடம் ஒன்று இருந்தது என்பதும், அதன் தொடக்கம் எத்தகைய சூழலில் நிகழ்ந்தது என்பதும் நம்மவருள் பலருக்கும் தெரியாதவை. அம்மடத்தின் கட்டடம் இன்று நம் கண்முன் இல்லை. கோயிற் சுவர்களில் வெட்டப்பெற்ற எழுத்துகளே அதன் வரலாற்றைக் காத்து வைத்துள்ளன. அவ்வெழுத்துகளைத் துணைக்கொண்டு அம்மடத்தின் தோற்றத்தை இவ்விழா நாளில் எண்ணிப் பார்ப்போம்.

மடம் என்றவுடன் இக்காலத்தார் மனத்தில் தருமை, திருவாவடுதுறை, திருப்பனந்தாள் முதலிய ஆதீனங்களே தோன்றும். அவை மெய்கண்டார் வழியில் பிற்காலத்து எழுந்தவை. நாம் பேசப்போவது மெய்கண்டாருக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட காலம். சிவஞானபோதம் தோன்றாத அக்காலத்தில், சிவனையே முழுமுதலாகக் கொண்ட துறவியர் பாசுபதர், காளாமுகர், மாவிரதியர் எனப் பல பிரிவினராய் நாடெங்கும் உலவினர். இவருள் பாசுபதர், கூர்ச்சர நாட்டுக் காரோணத்தில் தோன்றிய இலகுலீசரைத் தம் முதற்குருவாகக் கொண்டவர். ஏழாம் நூற்றாண்டிலேயே அவர்கள் காஞ்சியில் இருந்தனர் என்பதற்கு, மகேந்திரவர்ம பல்லவன் இயற்றிய மத்தவிலாசம் என்னும் நகைச்சுவை நாடகமே சான்று. அந்நாடகத்தில் காபாலிகன் ஒருவனும் பாசுபதன் ஒருவனும் பாத்திரங்களாக வருகின்றனர். அரசன் எழுதிய நாடகத்தில் எள்ளி நகையாடப்படும் அளவிற்கு அவர்கள் மக்கள் நன்கறிந்த கூட்டத்தாராக இருந்தனர் என்பது தெளிவு. அறியாத ஒருவனைப் பார்த்து யாரும் நகைப்பதில்லை அன்றோ!

திருவொற்றியூர்க் கோயிலுள் கௌலீசர் எனப்படும் சந்நிதி உண்டு. அங்குள்ள வடிவம் இலகுலீசரைக் குறிப்பது என்பது சிற்பக்கலை வல்லார் கருத்து. வலம் வரும் அடியார்கள் பெரும்பாலும் அதனை விரைந்து கடந்து விடுகின்றனர். தியாகேசரையும் வடிவுடையம்மையையும் காணும் ஆர்வம் அவர்களை ஈர்த்துச் செல்கின்றது. எனினும் இம்மடத்தின் பழைமையை அறிய விரும்புவோர் சிறிது நின்று காண வேண்டிய சந்நிதி அது.

கடற்கரையில் இத்தவப்பள்ளி அமைந்ததற்குக் காரணம் யாது? வடக்கே வேங்கடமும் காளத்தியும் கடந்து செல்வோர்க்கும், தெற்கே மயிலையும் கழுக்குன்றமும் நோக்கி வருவோர்க்கும் ஒற்றியூர் வழியிடையே அமைந்த தங்குமிடம். மேற்கே காஞ்சி எட்டும் தொலைவில் இருந்தது. ஓரிடத்தில் நிலைத்து வாழாது தலந்தோறும் செல்லும் துறவியர்க்கு இத்தகைய ஊர் இயல்பாகவே ஏற்றது. அன்றியும், கடலோரம் நிலத்தின் எல்லை. இல்லறத்தார் வாழும் மருதவயல்கள் முடிந்து மணலும் அலையும் தொடங்கும் இடம் உலகை விட்டு நீங்கியோர் உள்ளத்திற்கு உகந்ததாய் இருந்திருக்கும் என்று நாம் கருதுவதில் பிழையில்லை. அக்காலத்துக் கரை இன்றுள்ள கரை அன்று. சென்னைத் துறைமுகம் எழுந்தபின் அதற்கு வடபால் உள்ள கரையைக் கடல் அரித்து வந்துள்ளது. பாறைகளை அடுக்கிச் சுவர் எழுப்பி அதனைத் தடுக்க வேண்டியதாயிற்று. பழைய ஒற்றியூரார் உலவிய மணற்பரப்பில் ஒரு பகுதி இப்போது அலைகளுக்கு அடியில் உள்ளது.

பல்லவர் ஆட்சியின் இறுதிக்காலமாகிய ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அபராசிதன், கம்பவர்மன் ஆகியோர் பெயரால் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் இக்கோயிலில் கிடைக்கின்றன. அவற்றுட் பல, நந்தாவிளக்கு எரிக்கப் பொன் கொடுத்த செய்தியைச் சொல்வன. கலிய நாயனார் ஊரில் விளக்குக் கொடை மிகுந்திருப்பது வியப்பன்று. இவற்றிடையே நம் கருத்தைக் கவர்வது ஒரு துறவியின் பெயர். அவர் நிரஞ்சன குரவர். கம்பவர்மன் காலத்தில் அவர் இவ்வூரில் நிரஞ்சனேசுவரம் என்று தம் பெயர் வழங்கும் கோயில் ஒன்றை எடுப்பித்தார். அஞ்சனம் என்பது மை. நிரஞ்சனம் என்பது மையின்மை, அதாவது மாசின்மை. சிவபெருமானுக்குரிய பெயரையே குருவும் தாங்கினார். குரு எழுப்பிய கோயிலும் தாங்கியது.

இதில் நாம் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கோயிலை எடுப்பித்தவர் துறவி. மன்னன் பெயர் ஆட்சியாண்டைக் குறிக்க மட்டுமே வருகின்றது. மடங்கள் யாவும் அரசர் அருளால் முளைத்தவை என்று பொதுவாக எழுதிவிடுவோர் உளர். கொடும்பாளூரில் அவ்வாறு நிகழ்ந்தது உண்மையே. அங்கு மூவர் கோயிலை எழுப்பிய பூதி விக்கிரமகேசரி, மல்லிகார்ச்சுனர் என்னும் காளாமுகத் துறவிக்குப் பெரிய மடம் ஒன்றை அமைத்து, ஐம்பது துறவியர் உண்ணப் பதினொரு ஊர்களையும் விட்டான் என அக்கோயிற் கல்வெட்டுக் கூறுகின்றது. ஒற்றியூரின் தொடக்கம் அத்தகையதன்று. அங்கு முதலில் தோன்றுபவர் குருவே. அரசர்கள் பின்னர் வருகின்றனர். அவர்களும் ஒருவரை ஒருவர் வென்று வருகின்றனர். பல்லவ அபராசிதனை வென்று ஆதித்த சோழன் தொண்டை நாட்டைக் கைக்கொண்டான். அவன் மகன் முதற் பராந்தகன் அந்நாட்டை ஆண்டான். பராந்தகனின் இறுதிக்காலத்தில் வடமேற்கிலிருந்து இராட்டிரகூடர் படை இறங்கியது. ஒற்றியூர் மடத்தைப் பெருமடமாக்கிய நிகழ்ச்சி இப்போரிலிருந்தே பிறக்கின்றது.

அதனைச் சற்று விரித்துரைப்போம்.

பராந்தகனின் மூத்த மகன் இராசாதித்தன். வடக்கிலிருந்து வரக்கூடிய தாக்குதலை எதிர்நோக்கி, பெரும்படையுடன் திருமுனைப்பாடி நாட்டில் நெடுங்காலம் தங்கியிருந்தான். சுந்தரர் பிறந்த திருநாவலூர் அவன் பெயரால் இராசாதித்தபுரம் என்றும் வழங்கியது. அவன் படையில் மலைநாட்டு வீரர் மிகப் பலர். மலைநாட்டுப் புத்தூரைச் சேர்ந்த வெள்ளங்குமரன் என்னும் படைத்தலைவன், பெண்ணையாற்றங்கரையில் இன்று கிராமம் என வழங்கும் ஊரில் சிவனுக்குக் கற்றளி எடுப்பித்த செய்தியைக் கி.பி. 943 ஆம் ஆண்டுக் கல்வெட்டு அறிவிக்கின்றது. சேரமான் பெருமாள் நம்பியாரூரரிடம் கொண்ட நட்பால் சோழ நாட்டுக்கு வந்த வழியிலேயே, பிற்காலத்தில் இம்மலைநாட்டு வீரரும் வந்தனர் எனலாம்.

கி.பி. 949 ஆம் ஆண்டில் தக்கோலத்தில் பெரும்போர் மூண்டது. தக்கோலம் அரக்கோணத்திற்கு அண்மையில் உள்ளது; திருவூறல் என்னும் பாடல்பெற்ற தலமும் அதுவே. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனுக்குத் துணையாய் வந்த கங்க மன்னன் பூதுகன், யானைமேல் அமர்ந்து போரிட்ட இராசாதித்தனைக் கொன்றான். சோழர் பிற்காலத்தில் இராசாதித்தனை 'யானைமேல் துஞ்சின தேவர்' என்று குறித்தனர். தொண்டை நாடு கிருட்டிணன் கைக்குச் சென்றது. கன்னரதேவன் என்று தமிழ்க் கல்வெட்டுகள் குறிப்பிடுவது இவனையே.

அப்போர் நிகழ்ந்தபோது, இராசாதித்தனின் நெருங்கிய நண்பரும் தலைவருமான மலைநாட்டவர் ஒருவர் களத்தில் அவன் அருகில் இல்லை. ஏன் இல்லை என்பதைக் கல்வெட்டுச் சொல்லவில்லை. அவர் உள்ளத்தில் நிகழ்ந்ததை மட்டும் சொல்கின்றது. தலைவனோடு உடன் மடியாது உயிர் வாழ்தல் தம் குடிப்பிறப்புக்கும் தலைவனுக்கும் தகாதது என்று அவர் கருதினார். உலகியலைத் துறந்தார். கங்கைக்குச் சென்று நீராடினார். பின்னர்த் தெற்கே திரும்பித் திருவொற்றியூரை அடைந்து, நிரஞ்சன குருவிடம் விரதம் ஏற்றுச் சதுரானன பண்டிதர் என்னும் பெயர் பெற்றார். மடத்தின் தலைமையும் அவரிடம் வந்தது. கன்னரதேவனின் இருபதாம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 959 அளவில், வடமொழிச் செய்யுளாகப் பொறிக்கப்பட்ட ஒற்றியூர்க் கல்வெட்டு இவ்வரலாற்றைத் தருகின்றது. இக்கல்வெட்டை ஆராய்ந்து வெளியிட்ட பேரறிஞர் வே. இராகவன் அவர்கள், வெள்ளங்குமரனும் சதுரானனரும் ஒருவரே எனக் கருதினர். மலைநாட்டுப் பிறப்பு, இராசாதித்தனிடம் நெருக்கம், காலம் ஆகிய மூன்றும் ஒத்திருத்தலின் அக்கருத்து நமக்கும் ஏற்புடையதாகவே தோன்றுகின்றது.

நிரஞ்சனர் பெயர் கம்பவர்மன் காலத்திலும் வருகின்றது. அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்துச் சதுரானனருக்குத் தீக்கை அளித்தவர் பெயராகவும் வருகின்றது. ஒரே குரு இத்துணை நெடிய காலம் வாழ்ந்தார் என்பதினும், பீடத்திற்குரிய பெயராக அது வழிவழி வழங்கியது என்று கொள்வதே பொருந்தும். சதுரானனர் என்னும் பெயரும் பின்னர் அவ்வாறே ஆயிற்று. ஆகவே மலைநாட்டு வீரர் வந்தபோது அங்கு முன்னரே ஒரு குருமரபு வேரூன்றி இருந்தது. அவர் வெற்றுக் கடற்கரைக்கு வரவில்லை. துயருற்றோர் சென்று சேர்தற்குரிய இடம் என்று பெயர்பெற்ற ஒரு பள்ளிக்கே வந்தார்.

தலைவனோடு உயிர் விடுதல் தமிழகத்தில் புதிய எண்ணம் அன்று. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, முன்னர் அவனைக் கண்டறியாத பிசிராந்தையாரும் வந்து உடன் வடக்கிருந்து உயிர் நீத்தார் என்பது சங்க நூல் தரும் செய்தி. இடைக்காலத்து அரசர்க்கும் அவ்வாறு உறுதி பூண்ட வீரர் இருந்தனர். அத்தகைய உலகில், தலைவன் வீழ்ந்தபின் உயிருடன் எஞ்சியவன் நிலை யாது? அவன் திரும்பிச் செல்ல வீடு உண்டு. ஆனால் அவ்வீட்டார் முகத்தில் விழிக்க இயலாது. வாளால் தன்னைத் தான் மாய்த்துக் கொள்வது ஒரு வழி. பகைவன்மேற் பாய்ந்து மடிவது மற்றொரு வழி. சதுரானனர் மூன்றாவது வழியைக் கண்டார். பழைய பெயரும் பழைய உறவும் பழைய பதவியும் உடைய மனிதனை இறந்தவனாக்கி, குருவின் கையால் வேறொரு பிறவி எடுத்தார். தீக்கையை மறுபிறப்பு என்று நம் நூல்கள் கூறுவது அவர் வாழ்வில் சொல்லளவில் நில்லாது உண்மையாயிற்று.

ஒற்றியூர்த் தலத்தில் இது நிகழ்ந்தது நம் நெஞ்சைத் தொடும் பொருத்தம் உடையது. சங்கிலியாரைப் பிரியேன் என்று மகிழின்கீழ்ச் சூளுரைத்த வன்றொண்டர், அச்சூள் தவறி ஊர் எல்லையைக் கடந்த அளவில் கண்ணொளி இழந்தார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. தோழன் என்றும் பாராது, தவறிய வாக்கிற்கு இறைவன் கணக்குக் கேட்ட தலம் இது. தம் தலைவனுக்குக் கொடுத்த வாக்குத் தம்மிடம் தவறிவிட்டதாக எண்ணிய ஒரு வீரர், கங்கையாடிய பின்னும் அமைதி பெறாது இங்கு வந்து சேர்ந்தார்.

பகைவன் ஆட்சியாண்டால் காலம் குறிக்கப்பட்ட கல்லில் அவர் வரலாறு எழுதப்பட்டிருப்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இராசாதித்தன் சாவுக்குக் காரணமான மன்னன் பெயர் மேலே. இராசாதித்தனை நினைந்து துறவு பூண்டவர் வரலாறு கீழே. இது எவ்வாறு இயன்றது? கன்னரதேவனும் சிவநெறித் துறவியரைப் போற்றியவன். அதே கி.பி. 959 இல் அவன் மேற்பாடியில் பாடிவீடு அமைத்துத் தங்கியிருந்தபோது, ககனசிவர் என்னும் சைவத் துறவிக்கு ஊர் ஒன்றைக் கொடையாக அளித்தான் என்று கர்காட்டுச் செப்பேடு கூறுகின்றது. ஆதலின் ஆட்சி மாறியபோதும் மடம் அழியவில்லை. வென்றவனும் தோற்றவனும் ஒரே நெறியினரை வணங்கினர். அம்மடத்து வாயிலில் தோற்ற படையின் தலைவர் நீறணிந்து நின்றதை வென்றவன் தடுக்கவில்லை. நின்றவரும் தம் பழைய அன்பை மறைக்கவில்லை. கல்லிலேயே வெளிப்பட எழுதச் செய்தார். இந்நேர்மை நமக்குப் பெருவியப்பைத் தருகின்றது.

அக்கல்வெட்டு எழுந்த நோக்கம் ஓர் அறக்கட்டளை. சதுரானனர் தாம் பிறந்த அவிட்ட நாளில் திங்கள்தோறும் இறைவனுக்குச் சிறப்பு வழிபாடு நிகழுமாறு, நரசிங்கமங்கலத்துச் சபையாரிடம் நூறு நிட்கம் பொன் வைத்தார். அக்காலத்து நடைமுறை இதுதான்: பொன் முதலாகச் சபையாரிடம் நிற்கும், அதனைச் செலவிடல் ஆகாது. அவர்கள் அதன் பொலிசையைக் கொண்டு, அதாவது வட்டியைக் கொண்டு, குறித்த அறத்தை நடத்தித் தருதல் வேண்டும். கொடுத்தவர் மறைந்தாலும் முதல் மறையாது. சபையில் இருப்போர் மாறினாலும் சபை மாறாது. துறவிக்குப் பொன் ஏது என்று சிலர் வினவக்கூடும். மடத்தின் தலைவர் என்ற முறையில் அவரிடம் வந்த பொருள் அது; வந்த வழியே அறத்திற்குச் சென்றது.

மாவிரதியர், காளாமுகர் ஆகியோரைப் பற்றிப் பிற சமயத்து ஆசிரியர் எழுதிய நூல்களைப் படிப்போர்க்கு அவர்மேல் அச்சமும் அருவருப்புமே தோன்றும். மண்டையோட்டில் உண்போர், சுடலைச் சாம்பல் பூசுவோர் என்ற அளவில் அந்நூல்கள் நின்றுவிடும். அச்செய்திகள் முற்றும் பொய் என்று நாம் வாதிட வரவில்லை. துறவியர் கூட்டம் எதிலும் கடுநோன்பினர் சிலர் இருப்பர். ஆனால் கல்வெட்டுகள் காட்டும் முகம் வேறு. கொடும்பாளூரில் ஐம்பதின்மர்க்கு உணவு. ஒற்றியூரில் நாள்வழிபாடும், விளக்கும், நூல் விரிவுரையும். பிற்காலத்தில் இக்கோயிலில் பாணினியின் வடமொழி இலக்கணத்தைப் பயிற்றுதற்கென்றே மண்டபமும் நிலமும் இருந்தன. ஒரு நெறியைப் பற்றி அறிய விரும்புவோர் அதன் பகைவர் எழுதிய ஏட்டை மட்டும் நம்புதல் முறையன்று.

முதற் சதுரானனருக்குப் பின் மடம் தாழவில்லை. சோழர் தொண்டை நாட்டை மீட்டனர். முதல் இராசேந்திரன் காலத்தில் இக்கோயிலின் கருவறை கருங்கல்லால் புதிதாக எடுக்கப்பட்டது. இன்றும் நாம் காணும் தூங்கானை மாட வடிவம், அதாவது யானையின் பின்புறம் போல் வளைந்த அமைப்பு, அப்போது உருவானதே. அதனைச் சமைத்த தச்சன் பெயர் இரவி. வீரசோழத் தச்சன் என்பது அவன் சிறப்புப் பெயர். அப்பணி நிகழத் தூண்டுதலாய் நின்றவர் அக்காலத்தில் மடத்தலைவராய் விளங்கிய சதுரானன பண்டிதர். எந்தச் சோழர் குடியின் இளவரசனை நினைந்து முன்னவர் துறவு பூண்டாரோ, அக்குடியின் பேரரசன் பின்னவர் சொல்லுக்குச் செவி சாய்த்தான்.

இன்னும் ஒரு காட்சி உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரண்டாம் இராசாதிராசன் ஆண்டான். அவனது ஒன்பதாம் ஆட்சியாண்டில், பங்குனி உத்திரத் திருவிழாவின்போது, ஒற்றியூரில் படம்பக்கநாயகர் மகிழமரத்தடியில் எழுந்தருளியிருக்க, ஆளுடைய நம்பியின் சீபுராணம் படிக்கப்பட்டது. அரசன் அமர்ந்து கேட்டான். அவ்வவையில் இருந்தோருள் இருவரைக் கல்வெட்டுப் பெயர் சொல்லிக் குறிக்கின்றது. ஒருவர் சோமசித்தாந்தம் விரித்துரைக்கும் வாகீசுவர பண்டிதர். மற்றொருவர் மடத்தின் தலைவர். அவரும் சதுரானன பண்டிதரே. தக்கோலப் போர் முடிந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன. சூள் தவறிக் கண்ணிழந்த நம்பியின் வரலாற்றைப் படிப்பார் படிக்க, சோழன் ஒருபுறமும் சதுரானனர் ஒருபுறமுமாக இருந்து கேட்டனர்.